கத்தரிக்கோல், பசை, ஒரு மொழி!

ஜூன் மாதம் வந்தால் நம் வீடுகளில் ஒரு சின்னத் திருவிழா நடக்கும். புதுப் புத்தகங்களைத் தரையில் பரப்பி, பிரவுன் ஷீட் வெட்டி, அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் எழுதி... அம்மா வெட்ட, அப்பா மடிக்க, வாண்டுகள் விரலெல்லாம் பசை பூசிக்கொள்ள, ராத்திரி பத்து மணி ஆகிவிடும்.

ஹவாய் தீவுகளில் 1980-களில் இப்படிப் பல ராத்திரிகள் நடந்தன. அங்கே அவர்கள் ஒட்டியது பாடத்தையே! ஆங்கிலக் கதைப்புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். பக்கம் பக்கமாக ஹவாய் மொழியில் எழுதி, தட்டச்சு செய்து, துண்டு துண்டாக நறுக்கி, ஆங்கில வரிகள் மறையும்படி மேலே ஒட்டுவார்கள். ஒரு பிரதி ஒட்டினால் போதுமா? வகுப்புக்குத் தேவையான அத்தனை பிரதிகளிலும் ஒட்ட வேண்டும். பகலில் பாடம் நடத்திய ஆசிரியர்கள், வேலை முடிந்து வந்த பெற்றோர் என எல்லோரும் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். காரணம், அந்த மொழியில் குழந்தைகள் கையில் கொடுக்கப் பாடப்புத்தகம் என்று எதுவுமே இல்லை.

'எழுத்து இல்லாத மொழி போல' என்று நினைத்துவிடாதீர்கள். 1822-லேயே அங்கே அரிச்சுவடி அச்சாகிவிட்டது. 1834 முதல் 1948 வரை நூற்றுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள் ஹவாய் மொழியில் வந்திருக்கின்றன. ஒரு லட்சம் பக்கங்களுக்கு மேல் இன்றைக்கும் இருக்கின்றன. 1838-ல் உடற்கூறியலுக்கே ஒரு பாடநூல் வந்தது. எழுதியவர் ஜெரிட் ஜட் என்கிற அமெரிக்க மிஷனரி மருத்துவர். இவரை அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் சங்கம்தான், சில வருடங்கள் கழித்து சாமுவேல் கிரீன் என்ற மருத்துவரை யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கு அனுப்பியது. அவர் 1850-களில் உடற்கூறியலைத் தமிழில் கொண்டுவந்தார். எலும்புக்கும் நரம்புக்கும் சொந்த மொழியில் புத்தகம் போட்ட வகையில் ஹவாய்க்காரர்கள் நமக்கு முந்தியவர்கள்.

பிறகு எங்கே போனது எல்லாம்? 1893-ல் ஹவாய் அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896-ல் ஒரு சட்டம் வந்தது: பள்ளிகளில் பயிற்றுமொழி ஆங்கிலம் மட்டுமே. வகுப்பில் ஹவாய் மொழி பேசிய குழந்தைகளுக்கு அடி விழுந்தது. அடி வாங்கிய குழந்தைகள் வளர்ந்து பெற்றோர் ஆனபோது, 'நாம் பட்டது போதும், நம் பிள்ளையாவது தப்பிக்கட்டும்' என்று வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? 1980-களின் தொடக்கத்தில், 18 வயதுக்குள் அந்த மொழியைச் சரளமாகப் பேசியவர்கள் 50 பேர்கூட இல்லை என்பது கணிப்பு. தனியாருக்குச் சொந்தமான நீஹவ் என்ற குட்டித் தீவில் மட்டும்தான் மொழி வீட்டுக்குள் உயிரோடு இருந்தது.

1983-ல் சில மொழி ஆசிரியர்கள் சேர்ந்து 'அஹா பூனானா லேயோ' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பூனானா என்றால் கூடு, லேயோ என்றால் குரல். நியூசிலாந்தில் மவோரி மக்கள் நடத்திய மழலையர் பள்ளிகளைப் பார்த்து வந்த யோசனை இது. அடுத்த வருடமே முதல் மழலையர் பள்ளி திறந்தாயிற்று. குழந்தைகள் வருவார்கள், நாள் முழுக்க ஹவாய் மொழியிலேயே விளையாடுவார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். மழலையர் பள்ளிக்குப் பாட்டும் கதையும் போதும். ஆனால் குழந்தைகள் வளர்வார்களே! 1986-ல்தான் அரசுப் பள்ளிகளில் அந்த மொழி வழியாகப் பாடம் நடத்தச் சட்டம் வழிவிட்டது. 1987-ல் இரண்டு அரசுப் பள்ளிகளில் ஹவாய் மொழி வகுப்புகள் ஆரம்பமாயின. வகுப்பறை கிடைத்தது, ஆசிரியரும் கிடைத்தார். புத்தகம்? அதற்குத்தான் அந்தக் கத்தரிக்கோல் ராத்திரிகள்.

ஒட்டுப்புத்தகம் அவசரத்துக்கு உதவியது. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. மேலே ஒட்டியது வார்த்தைகளை மட்டும்தான். படங்கள் பழையபடியே இருந்தன. கதையில் வரும் வீடு, சாப்பாடு, தாத்தா பாட்டி, ஊர் எல்லாம் அமெரிக்கப் பெருநிலத்தைச் சேர்ந்தவை. ஹவாய்க் குழந்தை தன் மொழியில் வேறு யாருடைய வாழ்க்கையையோ படித்துக்கொண்டிருந்தது. வெறும் மொழிபெயர்ப்போடு நின்றிருந்தால் இந்த முயற்சி பாதியிலேயே அலுத்துப்போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1989-ல் ஹிலோ நகரப் பல்கலைக்கழகத்தில் 'ஹாலே குவாமோவோ' என்ற மையம் உருவானது. ஹவாய் மொழியிலேயே பாடநூல்களை உருவாக்குவதுதான் அதன் முக்கிய வேலை.

மின்னலில் இருந்து மின்னஞ்சல்

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. கணக்கும் அறிவியலும் எழுத ஆரம்பித்தால், ஒவ்வொரு பத்தியிலும் ஒரு வார்த்தை குறையும். ஆசிரியர் ஆளுக்கு ஒரு வார்த்தை போட்டால், ஒரு தீவில் படித்த குழந்தைக்கு அடுத்த தீவின் புத்தகம் புரியாது. அதனால் 1987-லேயே சொல்லாக்கக் குழு ஒன்று உட்கார்ந்தது. பல்கலைக்கழக ஆசிரியர்களோடு, அதைத் தாய்மொழியாகப் பேசிய பெரியவர்களும் அதில் இருந்தார்கள். வகுப்பு நடத்துபவர்களும் புத்தகம் எழுதுபவர்களும் 'இதற்கு என்ன சொல்வது?' என்று கேட்டு அனுப்ப, குழு யோசிக்கும். பழைய அகராதியில் ஏற்கெனவே சொல் இருக்கிறதா? பழைய சொல்லுக்குப் புதுப்பொருள் கொடுக்கலாமா? இரண்டு சொற்களைச் சேர்க்கலாமா? பசிபிக் தீவுகளின் உறவு மொழிகளில் கடன் கேட்கலாமா? எதுவும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தன் வாய்க்கு ஏற்ப வளைத்துக்கொள்ளலாமா?

வளைப்பது என்றால் நிஜமாகவே வளைப்பது. ஹவாய் நெடுங்கணக்கில் மொத்தமே 13 எழுத்துகள். 'ஸ'வும் கிடையாது, 'ர'வும் கிடையாது. 'மெர்ரி கிறிஸ்மஸ்' அங்கே போய் 'மெலே கலிகிமாகா' ஆனது இப்படித்தான். டெலிபோன் 'கெலெபோனா' ஆனது. கம்ப்யூட்டருக்கு ஒரு சொல் 'லோலோ உய்லா'. லோலோ என்றால் மூளை, உய்லா என்றால் மின்சாரம். மின்மூளை! மின்னஞ்சலுக்கு 'லேகா உய்லா'.

இந்த உய்லாவில் நமக்கு ஒரு குட்டி ஆச்சரியம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு மூலப்பொருள் மின்னல். வானத்தில் பார்த்த வெளிச்சத்தைக் கம்பியில் ஓடும் சக்திக்குப் பெயராக்கிவிட்டார்கள். தமிழில் மின்னலும் மின்சாரமும் ஒரே வேரிலிருந்து வந்ததுபோலத்தான். நம்மோடு எந்தத் தொடர்பும் இல்லாத மொழி, கடலுக்கு நடுவே தனியாக யோசித்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

குழுவின் சொற்கள் 'மாமகா கையாவ்' என்ற அகராதியாக 2003-ல் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தன. இந்த வேலையில் முன்நின்றவர்களில் ஒருவர் பேராசிரியர் லேரி கிமுரா. 1972-ல் வானொலி நிகழ்ச்சி தொடங்கி, ஹவாய் மொழி பேசும் முதியவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்தவர். 2019-ல் உலகமே பார்த்த முதல் கருந்துளைப் படம் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு 'போவேஹி' என்று பெயர் வைத்ததும் இவர்தான்!

பாட்டிக்குப் புரியுமா?

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. இந்தப் புத்தகங்களை எழுதிய ஆசிரியர்களில் பலர், ஹவாய் மொழியைப் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்டவர்கள். அவர்களின் புத்தகத்தில் படித்த குழந்தைகள் பேசும்போது, 'இது எங்கள் பேச்சு மாதிரி இல்லையே' என்று தாய்மொழியாகப் பேசிய பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். புதுச் சொற்கள் அவர்களுக்கு அந்நியமாக இருந்தன. நீஹவ் தீவின் பேச்சுக்கும் புத்தக மொழிக்கும் இடைவெளி விழுந்தது. யாருடைய ஹவாய் மொழி 'சரியான' ஹவாய் மொழி என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

பெரியவர்களின் வருத்தம் நியாயமானது. அடி வாங்கியும் மொழியை விடாமல் காத்தவர்கள் அவர்கள். வயதான காலத்தில் அவர்களிடம் வந்து 'தாத்தா, இதற்குச் சரியான வார்த்தை இது' என்று புத்தகத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்? ஆனால் ஆசிரியர்கள் காத்திருந்திருக்கவும் முடியாது. ஒன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளை அடுத்த வருடம் இரண்டாம் வகுப்புக்குப் போய்விடும். அதற்குள் புத்தகம் வந்தாக வேண்டும். குறையோடாவது ஒரு புத்தகம் இருந்தால்தான் அதைத் திருத்தவாவது முடியும். நான் ஆசிரியர்கள் பக்கம்தான் நிற்பேன், கொஞ்சம் தயக்கத்தோடு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்தும் பெற்றோருக்கு இந்தத் தயக்கம் நன்றாகப் புரியும். அங்கே பிறந்த குழந்தைக்கு நம் ஊர் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் ஒத்துவராது என்று, பல பள்ளிகளில் தாங்களே கூடிப் பாடநூல் எழுதுகிறார்கள். பேச்சுத்தமிழில் தொடங்குவதா, எழுத்துத்தமிழில் தொடங்குவதா? மதுரைத் தமிழா, யாழ்ப்பாணத் தமிழா? 'வாங்க' என்பதா, 'வாருங்கள்' என்பதா? ஒரு பாடம் முடிவதற்குள் எத்தனை வாக்குவாதம்!

ஹவாயில் 1999-ல் மழலையர் வகுப்பில் தொடங்கி ஹவாய் மொழியிலேயே படித்த முதல் அணி பள்ளிப்படிப்பை முடித்து வெளியே வந்தது. ஆங்கிலமும் கற்றார்கள், ஐந்தாம் வகுப்பிலிருந்து, ஒரு பாடமாக.

ஆனாலும் ஒரு விஷயம் வெகுகாலம் இழுத்தது. பாடம் ஹவாய் மொழியில், மாநிலப் பொதுத்தேர்வோ ஆங்கிலப் பாடத்திட்டத்தை வைத்து. தேர்வை ஹவாய் மொழியில் பெயர்த்துக் கொடுத்தும் பார்த்தார்கள். பழைய ஒட்டுப்புத்தகச் சிக்கல் மறுபடி வந்தது: வார்த்தை தங்களுடையது, கேள்வி வேறு யாருக்கோ எழுதியது. பிள்ளைகளைத் தேர்வுக்கே அனுப்ப மறுத்த பெற்றோரும் உண்டு. கடைசியில் ஆசிரியர்களும் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இந்தப் பள்ளிகளுக்கென்றே ஹவாய் மொழியில் கேள்விகளை யோசித்து எழுதினார்கள். 2014-15 கல்வியாண்டில் அந்தத் தேர்வு 3, 4-ம் வகுப்புப் பிள்ளைகளின் கைக்கு வந்தது.