'சர்' பட்டத்தை உதறிய மயிலாப்பூர் மணி ஐயர்: அமெரிக்க அதிபருக்கு லெட்டர் போட்டது ஏன்?

ரிட்டயர்டு ஹைகோர்ட் ஜட்ஜ். பெயருக்கு முன்னால் 'சர்' பட்டம். வயது 74. இந்த நிலைமையில் யாராவது அரசாங்கத்தோடு மோதுவாங்களா? மயிலாப்பூரின் எஸ்.சுப்பிரமணிய ஐயர் மோதினார்.

யார் இவர்?

1842-ல் மதுரைப் பக்கம் பிறந்தவர். 'மணி ஐயர்' என்றால்தான் அன்று எல்லோருக்கும் தெரியும். வக்கீலாக இருந்தவரை 1884-ல் மெட்ராஸ் சட்டசபைக்கு நியமித்தார்கள். 1885-ல் பம்பாயில் நடந்த முதல் காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டார். 1895-ல் நீதிபதி ஆனார், 1907-ல் ஓய்வு. பிறகு அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் பொறுப்பு வகித்தார்.

பெயருக்கு ஒரு சட்டசபை

1861 சட்டப்படி, உறுப்பினர்கள் மசோதா பற்றி மட்டுமே பேசலாம். அரசைக் கேள்வி கேட்க முடியாது, பட்ஜெட்டை விவாதிக்க முடியாது. 1892-ல்தான் அந்த உரிமைகள் வந்தன, அதுவும் கட்டுப்பாடுகளோடு.

அந்தக் கடிதம்

1917 ஜூனில் அன்னி பெசன்ட்டை அரசு காவலில் வைத்தது. ஹோம் ரூல் லீக்கின் கௌரவத் தலைவரான மணி ஐயர், ஜூன் 24 அன்று அதிபர் வுட்ரோ வில்சனுக்கு எழுதினார். ஜனநாயகத்துக்காகப் போரில் இறங்குவதாக ஏப்ரலில்தான் வில்சன் சொல்லியிருந்தார். அப்போ இந்தியாவுக்கு மட்டும் சுயாட்சி வேண்டாமா என்பதுதான் ஐயரின் வாதம். ஓர் அமெரிக்கத் தம்பதி கடிதத்தைக் கொண்டுபோனார்கள்.

விஷயம் வெளியே வந்ததும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தியா மந்திரி மாண்டேகு கடுமையாகக் கண்டித்தார். ஐயர் மன்னிப்பு கேட்கவில்லை. 1918-ல் 'சர்', 'திவான் பகதூர்' பட்டங்களைத் துறந்தார்.

எல்லாமே சரியா?

இல்லை. சுயாட்சி தந்தால் லட்சக்கணக்கான வீரர்கள் போர்முனைக்கு வருவார்கள் என்றும் அதே கடிதம் சொன்னது. யார் வீட்டுப் பிள்ளைகளை யார் வாக்குக் கொடுப்பது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கேள்வி கேட்க முடியாத சபையில் உட்கார்ந்த ஒருவர், கடைசியில் கேள்வி கேட்பதற்காகவே பட்டத்தை இழந்தார் என்பதை மறக்க முடியாது.

நமக்கு என்ன?

இன்று மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் நாமே தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ. உண்டு, சபையில் கேள்வி நேரமும் உண்டு. ஆனாலும் 2021 தேர்தலில் சென்னையின் வாக்குப்பதிவு மாநில சராசரியைவிட வெகுவாகக் குறைவு. ஓட்டு போட்டவர்களிலும், தங்கள் எம்.எல்.ஏ. சபையில் என்ன கேட்டார் என்று தேடிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அடுத்த முறை அவர் உங்கள் தெருவுக்கு வந்தால், செல்ஃபிக்கு முன்னால் அதைக் கேட்டுவிடுங்கள்.