தெருவில் பேசியதை முன்பே அறையில் பேசலாகாதா?

சைதாப்பேட்டை பனகல் மாளிகைப் பக்கம் கூடி நின்று முழங்கியிராத ஊழியர் சங்கம் தலைநகரில் அரிது. ஒருநாள் ஆசிரியர், மறுநாள் சத்துணவு ஊழியர், பிறிதொரு நாள் மருத்துவத் துறையினர். கொடியின் வண்ணம் மாறும், கோரிக்கையின் வரிசை மாறும். மாறாதது ஒன்று உண்டு. “மனுக் கொடுத்தோம், மறுமொழி இல்லை” என்னும் குமுறல்தான் அது. அந்த மாளிகைக்குப் பெயர் தந்த பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். அரசுப் பணிக்கு ஆள் எடுப்பது அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்படலாகாது, அதற்கொரு முறை வேண்டும் என்று 1924 இல் பணியாளர் தேர்வு வாரியம் கண்டது அவர் காலத்து ஆட்சி. நூறாண்டு கடந்தது. மருத்துவத் துறைக்கென்றே 2012 இல் தனித் தேர்வு வாரியமும் வந்தது. ஆள் எடுக்க முறை கண்டோம், சரி. எடுத்த ஆளோடு பேச முறை கண்டோமா?

கண்டிருந்தால் 2017 நவம்பர் 27 வந்திருக்காது. அன்று தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலே ஆயிரக்கணக்கான செவிலியர் தரையில் அமர்ந்தனர். யார் அவர்கள்? 2015 இல் தேர்வு வாரியம் நடத்திய தேர்வில் தேறியவர்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்; ஈராண்டு கழிந்தால் காலமுறை ஊதியம். இது அவர்கள் கனவில் கண்டதன்று. அரசு தந்த உறுதி. ஈராண்டு கழிந்தது. காலியிடம் ஏற்பட ஏற்பத்தானே நிரந்தரம் என்று விளக்கம் வந்தது. மனுவோடு போனவர்க்கு அந்த விளக்கத்தைக் கணக்கோடு காட்டி, இத்தனை இடம் இருக்கிறது, இந்த ஆண்டு இத்தனை பேர், அடுத்த ஆண்டு இத்தனை பேர் என்று எடுத்துரைக்க ஓர் இடம் இருந்திருக்குமானால், நோயாளியின் கட்டிலருகே நிற்க வேண்டியவர்கள் இயக்குநரின் வாசலிலே உட்கார்ந்திருப்பார்களா? உயர் நீதிமன்றம் குறுக்கிட்டுப் போராட்டத்துக்குத் தடை விதித்தது. செவிலியர் வார்டுக்குத் திரும்பினர். தொகுப்பூதியம் பின்னர் 14,000 ஆயிற்று; அதற்கும் பின்னர் 18,000 ஆயிற்று. ஏறியது மெய்தான். உட்கார்ந்தால் ஏறும் என்ற பாடத்தையும் சேர்த்துக் கற்பித்தது யார்?

மருத்துவர்களின் கதையும் வேறன்று. 2009 ஆம் ஆண்டு அரசாணை 354 அவர்களது ஊதிய உயர்வு பற்றியது. அதன்படி ஊதியத்தைச் சீர்செய்க என்று பத்தாண்டு கழித்து, 2019 அக்டோபர் 25 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினர். நவம்பர் முதல் நாள் திரும்பினர். நூற்றுக்கு மேற்பட்டோர் தொலைவிடங்களுக்குத் தூக்கியெறியப்பட்டனர். 2020 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்த மாற்றங்களை ரத்துச் செய்தது. வழக்குக்கும் வன்மத்துக்கும் செலவான காலத்தில் எத்தனை முறை எதிரெதிரே அமர்ந்து பேசியிருக்கலாம்!

ஆட்சி மாறியது. 2021 மே மாதம் மருத்துவத் துறையின் பொறுப்பேற்றவர் சைதாப்பேட்டையின் சட்டமன்ற உறுப்பினர் மா. சுப்பிரமணியன். துறையின் வாசலும் தொகுதியின் வாசலும் நெருங்கின. ஆயினும் 2022 டிசம்பர் 31 உடன், கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட செவிலியரின் பணி முடிந்தது. புத்தாண்டை அவர்கள் போராட்டத்தில் கண்டனர். ஆகவே இது ஓர் அமைச்சரின் குறையன்று, ஒரு கட்சியின் குறையுமன்று. நல்லவர் அமர்ந்தால் பேசுவார், அல்லாதவர் அமர்ந்தால் பேசமாட்டார் என்றிருப்பதே குறை. அழைத்துப் பேசுவது இங்கே அருளாக இருக்கிறது, உரிமையாக இல்லை.

பேச முடியாது என்பதும் இல்லை. 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையிலே, பணியிலிருந்த மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். அரசு மருத்துவர் சங்கங்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்தன. அமைச்சர் உடனே அழைத்தார், பாதுகாப்புப் பற்றிப் பேசினார், வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. குருதி சிந்திய பின் சில மணி நேரத்தில் கூட முடிந்தவர்களால், சிந்துமுன் கூட முடியாதா?

“நோயாளியை மறந்து சங்கமா?” என்று சிலர் சினப்பர். நியாயமான சினமே. அரசு மருத்துவமனையை நம்பி வருபவன் ஏழை. வேலைநிறுத்தத்தின் முதல் அடி அவன் முதுகிலேதான் விழுகிறது. 2003 ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவ்வழக்கில், அதே ஆண்டு ஆகஸ்டில், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமை இல்லையென்று உச்ச நீதிமன்றம் கூறியது. அப்படியே ஆகட்டும். வாயை மூடு என்றவன் காதைத் திறக்க வேண்டாமா?

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முதல் உலகப் போரின் நடுவே, 1917 இல், இங்கிலாந்தில் விட்லி என்பவர் தலைமையில் ஒரு குழு அமர்ந்து, முதலாளியும் தொழிலாளியும் சமமாக உட்காரும் நிலையான மன்றங்கள் வேண்டும் என்றது. மறு ஆண்டு இங்கே சென்னையில், வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அந்த விட்லியே பின்னர் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராயும் ராயல் கமிஷனுக்குத் தலைவராக வந்தார். 1931 இல் அறிக்கை தந்தார். 1948 இல் பிரிட்டனில் தேசிய மருத்துவப் பணி தொடங்கியபோது ஊதியமும் பணிநிலையும் விட்லி மன்றங்களிலே பேசப்பட்டன. அந்த முறையைப் பின்பற்றி, நம் மத்திய அரசு 1966 இல் தன் ஊழியர்க்குக் கூட்டு ஆலோசனை அமைப்பைத் தந்தது. ரயில்வேயிலோ அதற்கும் முன்னதாக, 1952 முதலே நிலையான பேச்சுவார்த்தை அமைப்பு உண்டு. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனைச் செவிலியரின் குறையை அங்கீகாரம் பெற்ற சங்கம் அந்த அமைப்பிலே எழுப்பலாம். தீராதது மேலே மேலே போகும். சில கல் தொலைவில், அரசு மருத்துவமனைச் செவிலியர்க்கு அந்தப் படிக்கட்டு எங்கே?

படிக்கட்டு இருந்தால் மழை பெய்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அமைப்பு இருந்தும் 1974 மே மாதத்தில் ரயில் நின்றது. பிரிட்டனிலும் அப்படியே. 2022 டிசம்பரில் இங்கிலாந்தின் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தனர். ஸ்காட்லாந்தின் செவிலியர் வாக்களித்து ஆயத்தமானபோதும், பேச்சின் முடிவிலே 2023 இல் ஊதிய உடன்பாட்டை ஏற்றனர். ஸ்காட்லாந்திலே ஊழியரைக் கலந்து நடத்துவது 2004 முதல் சட்டக் கடமை; ஒவ்வொரு மருத்துவ வாரியத்திலும் ஊழியர் தரப்பின் இயக்குநர் ஒருவர் உறுப்பினராக அமர்கிறார். உடன்பாட்டுக்கு அதுவே காரணம் என்றால் மிகை; அங்கே தரப்பட்ட தொகையும் காரணம். ஆனால் பழகிய முகத்தோடு பேரம் பேசுவது எளிது என்பதைக் கொத்தவால் சாவடியில் காய் வாங்கியவரும் அறிவர்.

தமிழகத்தில் அத்தகைய மன்றம் அமையுமானால் ஒன்றை முதலில் தீர்க்க வேண்டும்: யார் முதலாளி? மருத்துவமனைத் தரையைத் துடைப்பவர், தள்ளுவண்டி தள்ளுபவர், வாசலில் காவல் நிற்பவர் எனப் பலர் இன்று ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். ஊதியம் குறைந்தால் கண்காணிப்பாளரிடம் போகிறார். அவர் ஒப்பந்ததாரரைக் காட்டுகிறார். ஒப்பந்ததாரர் அரசு தரும் தொகையைக் காட்டுகிறார். சுற்றிச் சுற்றி வந்து, அதே துடைப்பத்தை எடுக்கிறார். மருத்துவர், செவிலியர், ஆய்வகத்தினர், மருந்தாளுநர் மட்டும் நாற்காலியில் அமர, இவர் கதவருகே நிற்பாராயின் அது பாதி மன்றமே.

நிதித்துறைச் செயலாளரும் அமர வேண்டும். அவரில்லாத கூட்டத்தில் மருத்துவத் துறை தலையசைப்பதற்கு மதிப்பில்லை. பேசியதை எழுத வேண்டும். இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். மறுத்தால் ஏன் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். சங்கங்களுக்கும் ஒரு சொல்: ஒரே பணிக்கு நான்கு சங்கம், நான்குக்கும் தனித்தனி மனு என்றால் யாரோடு பேசுவது? உறுப்பினர் எண்ணிக்கையை வாக்கெடுப்பில் காட்டி இடம் பெறட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று நாளைக் குறித்து, முதல் கூட்டத்தின் முதற் பொருளாகத் தொகுப்பூதியச் செவிலியரின் காலியிடக் கணக்கை வைக்க அரசு முன்வரட்டும்.