யாருடைய சம்மதம்?

ஒரு பெண் தன் பெயரிலுள்ள நிலத்தை விற்க எழுதிக் கொடுத்தால், சப்ரிஜிஸ்திரார் அவளைப் பார்த்தே, எழுதியிருப்பது தெரியுமா, சம்மதந்தானா என்று கேட்கிறார். கோஷா ஸ்திரீகள் விஷயத்தில் பிரிவி கௌன்ஸில் காலந்தொட்டு நமது நீதிஸ்தலங்கள் இன்னும் கடுமையான விதியை அனுசரித்து வந்திருக்கின்றன. பத்திரத்தைப் படித்துக் காட்டினால் மட்டும் போதாது. அதன் பலாபலனை அவள் உணர்ந்து, நிர்ப்பந்தமின்றிக் கையெழுத்திட்டாள் என்பதைப் பயனடைகிறவரே ருஜுப்படுத்த வேண்டும்.

நிலத்துக்கு இவ்வளவு காவல். அவளுடைய கர்ப்பப்பையை எடுக்கும்போது நடப்பதென்ன? அவள் கட்டிலில் கிடக்கிறாள். காகிதம் வெளியே நிற்கும் கணவனிடம் நீட்டப்படுகிறது. தறியை விட்டு ஓடிவந்த அவனுக்குப் படிக்க அவகாசமேது? போட்டுவிடுகிறான். வாலாஜாபாத்தைச் சுற்றியுள்ள நெசவு வீடுகளில் கூலிக்கணக்குப் பெரும்பாலும் ஆண் பெயரில்தான் இருக்கும். தார் சுற்றுகிறவள் அதில் வரமாட்டாள். வைத்தியசாலையும் அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது போலும்!

சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. பரிசோதனைக்கென்று மயக்க மருந்து பெற்ற ஒரு பெண்மணியின் கர்ப்பப்பையும் சினைப்பைகளும், வெளியே காத்திருந்த தாயாரின் சம்மதத்தின்பேரில் அகற்றப்பட்டன. உயிருக்கு உடனடி ஆபத்தில்லாதபோது, மயக்கம் தெளிந்தபின் அவளையே கேட்டிருக்க வேண்டும் என்று 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நஷ்டஈடு 25,000 ரூபாய். ஒரு சாதாரண வரப்புத் தகராறில்கூட இதைவிட அதிகம் செலவாகும். கருக்கலைப்புக்கு வயது வந்த பெண்ணின் சம்மதமே போதும் என்பது 1971-ஆம் வருஷத்துச் சட்டம். குடும்பக் கட்டுப்பாட்டு ரண சிகிச்சைக்குக் கணவனோ மனைவியோ கையெழுத்திட வேண்டியதில்லை என்று சர்க்காரே 2006-இல் விதி வகுத்திருக்கிறது. எனினும் அந்தக் கையெழுத்தைக் கேட்கும் வழக்கம் ஒழிந்தபாடில்லை.

இங்கே நமது அரசியல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நெருக்கடி நிலையின்போது, 1976-77-இல், 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்கு இச் சிகிச்சை செய்யப்பட்டது. தேசம் கொதித்தெழுந்தது, சர்க்கார் கவிழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. அதன்பின் கத்தி பெண்களின் பக்கம் திரும்பியது. ஆணுக்குச் செய்வது வயிற்றைத் திறவாத சிறு சிகிச்சை. பெண்ணுக்குச் செய்வதோ வயிற்றைத் திறப்பது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் நூற்றுக்கு 37.9 பேர் கருத்தடை ரண சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட தம்பதிகள் நூற்றுக்கு 0.3. நம் மாகாணத்தில் பெண்களின் விகிதம் பாதிக்கு மேல். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் ஜில்லாவில் நடந்த முகாம்களுக்குப்பின் 13 பெண்கள் மாண்டனர். அவற்றில் ஒரு முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பேருக்குச் சிகிச்சை செய்து முடித்தார். முகாம்களை மூன்று வருஷத்துக்குள் நிறுத்தும்படி 2016-இல் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. எந்த சர்க்காரும் இதற்காகக் கவிழவில்லை.

கனடா தேசத்து அறிஞர் சூசன் ஷெர்வின் 1992-இல் 'நோ லாங்கர் பேஷண்ட்' என்று ஒரு நூல் எழுதினார். இனி நோயாளியுமல்ல, இனிப் பொறுமையுமில்லை என்று இருபொருள்படும் தலைப்பு. சம்மதம் என்பது காகிதத்தில் விழும் மை மாத்திரமன்று. வீட்டிலும் வைத்தியசாலையிலும் யார் யாருக்குக் கீழே நிற்கிறார் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பது இத்தகைய நூல்களின் சாரம். இதை மேனாட்டுச் சரக்கு என்று தள்ளுவாருமுண்டு. கோஷா ஸ்திரீயின் பத்திரத்தைப் பற்றி நம் கோர்ட்டுகள் கேட்டுவந்த கேள்வியும் இதுவேயன்றோ?

"அவளுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். ஜரிகை விலையும் பாவின் இழைக்கணக்கும் சொல்லத் தெரிந்தவளுக்குத் தன் வயிற்றைப் பற்றித் தமிழில் பத்து நிமிஷம் எடுத்துச் சொன்னால் விளங்காதா? சிகிச்சைக்கு முதல்நாளே, உறவினரை வெளியே நிறுத்திவிட்டு, அவளிடம் பத்திரத்தைப் படித்துக் காட்டட்டும். சரி என்றோ வேண்டாம் என்றோ அவளே சொல்லட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, செலவுமில்லை.

வோட்டுக் கேட்டு நமது தெருக்களுக்கு வரும் கனவான்கள் இதைப் பற்றிப் பேசி நாம் கேட்டதில்லை. அவர்களில் ஆண்களுக்குரிய சிகிச்சையைச் செய்துகொண்டவர் எத்தனை பேர் என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்க நாம் சித்தமாயிருக்கிறோம்.