ஏறினது பெரிசில்லை, இறங்கினதுதான்

இம்முறை ஓட்டம் பற்றி எழுதுகிறோம். "உங்களுக்கு வேறை வேலையில்லையோ?" என்று எங்கள் வீடுகளில் கேட்டாகிவிட்டது. நீங்களும் கேட்கலாம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்கு மலை என்றால் என்ன தெரியும்? கீரிமலை என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே கேணி இருக்கிறது, கடல் இருக்கிறது, மலையைத்தான் காணோம். வன்னியில் நாங்கள் ஏறின ஆகப் பெரிய மேடு குளக்கட்டு. மொன்றியலுக்கு வந்து கோட்-டெ-நேஜ் பக்கம் வீடு எடுத்த பிறகுதான் பக்கத்திலேயே ஒரு மலை நிற்பதைக் கண்டோம். மொன் றுவாயால். உயரம் 233 மீற்றர். பதுளைப் பக்கத்து ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஓடிப் பார்த்தவர் சிரிக்கமாட்டார்.

இந்த மலை 1876இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அமைத்தவர் ஓம்ஸ்டெட் என்ற அமெரிக்கர். நியூயோர்க் சென்றல் பார்க்கை அமைத்த இருவரில் ஒருவர். குதிரை வண்டிகளும் நோயாளிகளும் வயோதிபரும் களைக்காமல் மேலே போகவேண்டும் என்று, வளைத்து வளைத்துச் சாய்வு குறைந்த பாதை போட்டார். அவர் பெயரிலேயே அந்தப் பாதை இருக்கிறது. அம்மாமாரும் தள்ளுவண்டில் பிள்ளைகளும் தாராளமாகப் போகலாம். ஆனால் நாங்கள் பெயர் கொடுத்த 10 கிலோமீற்றர் ஓட்டம் அதோடு நிற்கவில்லை. மரங்களுக்குள் நுழையும் ஒடுங்கிய பாதை, கல், வேர், படிக்கட்டு என்று போனது.

நாங்கள் மூன்று பேர், ஒரே தொழிற்சாலை, பின்னேர ஷிவ்ற். விடிய எழும்பிப் பழகினோம். முதல் பாடம், ஏற்றத்தில் நடப்பது வெட்கமில்லை. கையை முழங்காலில் ஊன்றி, சின்ன அடியாக வைத்து நடந்தவர்கள், ஓடி ஏறிய எங்களை உச்சியில் முந்திக்கொண்டு போனார்கள். இரண்டாவது பாடம், பார்வை காலடியில் அல்ல, இரண்டு மூன்று மீற்றர் முன்னால் இருக்கவேண்டும். காலடியைப் பார்த்தால் வேரைக் காணும்போது கால் அதற்குள் போய்விடும். இறக்கத்தில் பின்னால் சாயக்கூடாது. சாய்ந்தால் குதி வழுக்கும். அடியைக் குறுக்கி, கெதியாக மாற்றவேண்டும். கால் நகத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் விரல்கள் சப்பாத்தின் நுனியில் போய் இடிக்கும்.

இவ்வளவும் தெரிந்துதான் ஒருவர் விழுந்தார்.

ஒக்டோபர் மாதம். மேப்பிள் இலை விழுந்து பாதை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாய்க் கிடந்தது. படம் எடுக்க நல்ல வடிவு. அதன் கீழே இருப்பது கல்லோ வேரோ தெரியாது. முதல்நாள் மழை வேறு. ஏழாவது கிலோமீற்றரில், இறக்கத்தில், எங்களில் மூத்தவருக்கு இடது கால் பிரண்டுவிட்டது. மற்ற இருவரும் நின்றோம். அவர் முதலில் சொன்னது "நோகுது" என்றல்ல. "திங்கட்கிழமை வேலை" என்றார்.

எங்களுக்கும் அதே நினைப்புத்தான். எட்டு மணித்தியாலம் நின்று செய்யும் வேலை. ஓட்டத்தில் பட்ட காயத்துக்கு வேலைத்தல விபத்து நட்டஈடு கிடையாது. ஏஜென்சி மூலம் போகிறவர், "வரேலாது" என்று சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பயந்தார். நொண்டிக்கொண்டாவது போவேன் என்று நின்றார். அவர் அப்பிடிப் போயிருந்தால் கால் என்ன ஆகியிருக்குமோ.

கணுக்கால் பிரண்டால் எல்லாருக்கும் எக்ஸ்ரே தேவையில்லை. 1992இல் ஒட்டாவாவில் வைத்தியர்கள் ஒரு விதி வகுத்தார்கள், இன்று பல நாடுகளில் அதைத்தான் பார்க்கிறார்கள். கணுக்கால் நோவோடு, நான்கு அடி வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்காலின் இரு பக்க எலும்புகளில் ஒன்றின் பின்விளிம்பை அமத்தும்போது நொந்தால், எக்ஸ்ரே எடுக்கவேண்டும். சந்தேகமென்றால் 811க்கு அடித்துத் தாதியிடம் கேட்கலாம். எங்கள் ஆள் நான்கு அடி வைத்தார், எலும்பிலும் நோவில்லை. தசைநார் இழுபட்டதுதான். ஆனால் இரண்டு கிழமை நிற்க முடியாது.

இதை வாசிக்கும் தொழிலாளர்கள் கவனியுங்கள். கியூபெக்கில் மூன்று மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு வருடத்தில் இரண்டு நாள் சம்பளத்தோடு சுகவீன லீவு உண்டு, ஏஜென்சி ஆளுக்கும் உண்டு. 2019இலிருந்து இதுதான் சட்டம். அதற்கு மேல் நாள் போனால் மத்திய அரசின் வேலைக் காப்புறுதியில் சுகவீனக் கொடுப்பனவு கேட்கலாம். 600 மணித்தியாலம் வேலை செய்திருக்கவேண்டும், வைத்தியர் கடிதம் வேண்டும். சம்பளத்தில் 55 வீதம், ஓர் உச்ச வரம்புக்குள், 2022 டிசம்பரிலிருந்து 26 கிழமை வரை. வழக்கமாக முதல் கிழமைக்கு ஒன்றும் வராது. ஒவ்வொரு சம்பளத்திலும் அதற்குக் காசு வெட்டுப்படுகிறது, ஆனால் எங்கள் மூவரில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

அன்று ஆளை இரண்டு பக்கமும் தாங்கி, அந்தச் சாய்வு குறைந்த பழைய பாதைக்குக் கொண்டுவந்து, அதனாலேயே கீழே இறக்கினோம். மிச்ச மூன்று கிலோமீற்றர் அப்படியே கிடக்கிறது. அவர் இப்போது வேலைக்குப் போகிறார். அடுத்த வருடம் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கவேண்டும் என்று நச்சரிக்கிறார். சப்பாத்தை மனுசி எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாவாம்.