இருவர் உழைத்த அமுது

சைதாப்பேட்டை காரணீஸ்வரரைத் தரிசித்துத் திரும்புவோர் பலர், வழியிலேயே காய்கறியும் வாங்கிக்கொண்டு வீடு செல்வது வழக்கம். அண்மைக் காலமாக அவர்களது பைகளில் முழுக்காய்கள் குறைந்து, அங்காடிகளில் நறுக்கி உறையிலிட்ட சாம்பார்க் காய்களும், அரிந்த வாழைத்தண்டும், உரித்த சின்ன வெங்காயமும் இடம்பெறத் தொடங்கியுள்ளன.

காசோலையின் தேதி, தொகை, கையொப்பம் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே வங்கியில் பணம் வழங்குவோம். காய்க்கும் அத்தகைய அடையாளங்கள் உண்டு. கத்தரிக்காயின் காம்பு பசுமையாக இருத்தல் வேண்டும். புழுத்துளை இருத்தல் கூடாது. வெண்டைக்காயின் நுனி எளிதில் ஒடிதல் வேண்டும். நறுக்கியபின் காம்பும் இல்லை, நுனியும் இல்லை. எதைக் கொண்டு மதிப்பிடுவது?

தோல் என்பது இயற்கை இட்ட உறை. அது நீங்கியதும் காற்றுப்பட்டு வைட்டமின் சி குறையத் தொடங்குகிறது. ஈரமான வெட்டுமுகத்தில் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகுகின்றன. ஆகவேதான் நறுக்கிய காயை இடைவிடாது குளிரில் வைக்க வேண்டியுள்ளது. காயைக் கழுவிய பின்னரே நறுக்க வேண்டும், நறுக்கியபின் கழுவலாகாது என்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரை. நம் பாட்டிமாரும் அதனையே செய்தனர்.

முழுக்காயில் வீணாவதும் குறைவு. பீர்க்கங்காயின் சதை கூட்டாகும், தோல் துவையலாகும். உறையில் வருவதோ சதை மட்டுமே.

"அலுவலகம் செல்லும் பெண்களுக்கு நேரம் ஏது?" என்று கேட்பர். நியாயமான கேள்வியே. அதற்கு விடை பெரியபுராணத்தில் உள்ளது. மழை பெய்யும் நள்ளிரவில் பசியுடன் வந்த அடியாருக்கு அமுதளிக்க இளையான்குடி மாற நாயனாரின் இல்லத்தில் ஏதுமில்லை. அன்று விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரி வந்தவரும், முற்றாத கீரையைக் குழியிலிருந்து பறித்து வந்தவரும் நாயனாரே. அந்த ஒரு கீரையைப் பலவகைக் கறிகளாக்கியவர் அவர்தம் மனைவியார். அந்த அமுது ஒருவர் உழைப்பில் உருவானதன்று.

நம் இல்லங்களில் இன்று அரிவாள்மனை முன் அமர்பவர் பெரும்பாலும் ஒருவரே. அவர் களைத்துப்போகும் இடத்தில்தான் உறை நுழைகிறது. ஓய்வு பெற்ற என் போன்றோருக்கு நாளிதழ் வாசிக்க ஒரு மணி நேரம் கிடைக்கிறது. பீன்ஸ் நறுக்கக் கால்மணி நேரம் கிடைக்காதா? வாழைப்பூவில் கள்ளன் நீக்கப் பேரப்பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளலாம். அடுத்த பிரதோஷத்தன்று ஆலயத்திலிருந்து திரும்புகையில் முழுக்காய் வாங்குங்கள். மறுநாள் காலை அதை நறுக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள ஆடவர் ஏற்கட்டும்.