பேயும் காதலும் படநூலும்: இலக்கிய மாணவர்க்கு இழுக்காமோ?

தமிழிலக்கியம் பயிலும் மாணவர் கையில் குறுந்தொகை இருக்கக் கண்டால் உலகம் பாராட்டுகின்றது. அதே கையில் பேயும் காதலும் நகையும் கலந்த மாத நாவலோ, வண்ணப்படங்கள் நிறைந்த சிறுவர் நூலோ இருக்குமாயின், அவரே நாணி அதனைப் பாடநூலுக்கடியில் மறைத்துக்கொள்கின்றார். ஒன்று பொழுதுபோக்கு, மற்றொன்று குழந்தைமை. இரண்டும் இலக்கியமாகா என்பது பரவலான எண்ணம். இந்நாணம் வேண்டாதது, தமிழ்மரபுக்கு அயலானதும்கூட என்பது நம் துணிபு.

மெய்ப்பாடு காட்டும் வழி

தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றுள் நகையே முதலில் வைக்கப்பெற்றுள்ளது. மருட்கை, அச்சம், உவகை ஆகியனவும் அவ்வெட்டனுள் அடங்குவன. அச்சம் பிறக்கும் நிலைக்களன்களை எண்ணப்புகுந்த ஆசிரியர் அணங்கினையே முதற்கண் சுட்டுகின்றார். உவகையின் நிலைக்களன்களுள் புணர்ச்சியும் உண்டு; விளையாட்டும் உண்டு. எளிய பேய்க்காதற் கதையொன்று படிப்பவர்க்குத் தருவன யாவை? நகை, வியப்பு, அச்சம், உவகை என்னும் இந்நான்கேயன்றோ? இலக்கணம் இடமளித்த சுவைகளுக்கு நாம் இடமளிக்க மறுத்தல் எங்ஙனம் பொருந்தும்?

இம்மெய்ப்பாட்டியலுக்குப் புத்துரை வரைந்தோருள் ஒருவர் நாவலர் சோமசுந்தர பாரதியார். 1933 முதல் 1938 வரை அண்ணாமலை நகரில், பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்குத் தலைமை தாங்கியவர் அவர். எனவே சுவைகளை ஆராய்தல் இம்மண்ணின் தமிழ்க்கல்விக்குப் புதிதன்று.

முன்னோர் படைத்த பேய்கள்

செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை நாம் வகுப்பில் பயில்கின்றோம். போர்க்களம் பாடவந்த அந்நூல், ஊடிய மகளிரைக் கதவு திறக்க வேண்டும் கடைதிறப்புடன் காதற்சுவை ததும்பத் தொடங்குகின்றது. அதன்பின் பசியால் வாடிய பேய்கள் வருகின்றன. இந்திரசாலத்தில் காட்டப்பெறும் பொய்யுணவை மெய்யென்று நம்பி அவை பாய்ந்து ஏமாறும் காட்சியில் நகையாதார் யார்? பேயும் காதலும் நகையும் ஒரே நூலில் அமைந்தும், அதனைச் சிற்றிலக்கியங்களுள் தலையாயதென்று போற்றுகின்றோமேயன்றி மறைத்துப் படிப்பதில்லை.

வள்ளுவரின் காமத்துப்பாலும் தகையணங்குறுத்தல் என்னும் அதிகாரத்தோடுதான் தொடங்குகின்றது. தலைவியை முதன்முதற் கண்ட தலைவன், இவள் தெய்வமகளோ, மயிலோ, மானிடப் பெண்ணோ என்று மயங்குகின்றான். தமிழ்க்காதலின் முதற்சொல்லிலேயே இயற்கை கடந்ததொரு மருட்சி கலந்துள்ளமை காண்க.

இக்காலத்தும் இம்மரபு அற்றுப்போகவில்லை. கல்கியின் ‘மோகினித் தீவு’ குறுநாவலில், நிலவொளியில் ஆளரவமற்ற தீவொன்றிற் கரையேறியவனுக்குப் பழங்காலத்துக் காதலர் இருவர் தம் கதையை உரைக்கின்றனர். ஒருவர் சொல்வதை மற்றவர் இடைமறித்துத் திருத்துவதும், செல்லச் சண்டையிடுவதும் படிப்பவரைப் புன்முறுவல் பூக்கச் செய்கின்றன. 1906-இல் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் 1943-இல் ‘காஞ்சனை’ எழுதினார். கதை எழுதும் கணவனுக்கும் அவன் மனைவிக்குமிடையே நிகழும் கேலிப்பேச்சின் ஊடாகவே அச்சம் மெல்ல நுழைகின்றது. நகையும் நடுக்கமும் அடுத்தடுத்து வாழ இயலும் என்பதற்கு அக்கதையே சான்று.

சித்திரம் பேசும் நூல்கள்

இனிப் படநூல்களைக் காண்போம். 1947-இல் சென்னையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய ‘அம்புலிமாமா’வைத் தமிழகத்தில் ஒரு தலைமுறையே படித்து வளர்ந்தது. 1952-இல் அவ்விதழில் ஓவியராய்ச் சேர்ந்த சங்கர், உருவிய வாளும் தோளிற் சுமந்த உடலுமாய் விக்கிரமாதித்தன் நடந்துவரும் சித்திரத்தால் வேதாளத்துக்கு ஓர் உருவமே அமைத்துத் தந்தார். 2020-இல் அவர் மறைந்தார். இதழும் இன்று வெளிவருவதில்லை. எனினும் வேதாளம் என்றதும் பலர் மனக்கண்முன் எழுவது அப்படமே. சுடுகாட்டுக் காட்சியைக் கண்டு அஞ்ச வேண்டிய குழந்தை, அடுத்த விடுகதை என்னவென்று பக்கம் புரட்டியது. கேள்விக்கு விடை கூறுதலையே கதையாக்கும் இவ்வுத்தி, இசுலாமியத் தமிழ் இலக்கியமாகிய நூறு மசலாவிலும் சிறப்புற அமைந்துள்ளது.

பிறநாட்டிலும் இதுவே நிலை. அமெரிக்கரான மாரிஸ் செண்டாக் 1963-இல் வெளியிட்ட படநூலில், குறும்பு செய்து தண்டனை பெற்ற சிறுவன் கொடுவிலங்குகள் வாழும் இடத்துக்குப் படகேறிச் சென்று, அவற்றுக்கே அரசனாகி, ஆடிக் களித்து வீடு திரும்புகின்றான். அவனுக்கான உணவு அறையில் இன்னும் சூடாகவே இருக்கின்றது. 1969-இல் எரிக் கார்ல் படைத்த நூலிலோ, புழுவொன்று பழங்களைத் தின்றதற்கு அடையாளமாகத் தாளிலேயே துளைகள் இடப்பட்டுள்ளன. மருட்கைக்குரிய நிலைக்களன்களுள் சிறுமையையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்ததன் நுட்பம், குழந்தையொன்று அத்துளைக்குள் விரலை நுழைத்துப் பார்க்கும்போது நமக்கு விளங்கும்.

பேய்க்காதற் கதையும் படநூலும் செய்யும் தொண்டு ஒன்றே என்பது இதனாற் புலனாகும். அச்சத்தை வெளியே ஓட்டாமல், அதனைக் கைபிடித்து அழைத்துவந்து நகையாக மாற்றுதலே அத்தொண்டாம்.

தடையும் விடையும்

இத்தகைய நூல்கள் மூடநம்பிக்கையை வளர்க்குமே என்பார் உளர். பேயை நம்புதல் வேறு. பேய்க்கதையைச் சுவைத்தல் வேறு. பரணியைப் படித்து எவரும் பேய்க்குக் கூழ் படைக்கத் தொடங்கியதில்லை. நம்பிக்கை அச்சத்தில் வேரூன்றுவது. நகைப்போ அவ்வேரையே அசைப்பது.

எல்லாம் நல்லனவோ என்பது அடுத்த வினா. அல்ல. பெண்ணைப் பழிவாங்கும் உருவமாக மட்டுமே காட்டும் கதைகளும், படத்துக்கும் சொல்லுக்கும் தொடர்பற்ற மலிவான சிறுவர் நூல்களும் மிகுதி. ஆனால் நல்லதையும் தீயதையும் பகுத்துணரும் பயிற்சி, அவற்றைப் படித்து விவாதித்தால்தானே வாய்க்கும்? மறைத்துப் படிப்பவர்க்குத் திறனாய்வு ஏது?

நம் கல்லூரிகளுக்கு வரும் மாணவருட் பலர், வீட்டில் பாடநூலன்றி வேறு நூலைக் காணாதவர்கள். அவர்கள் தாமே விரும்பிக் கையிலெடுக்கும் முதல் நூலை இழிவென்று சொல்லிவிட்டால், இரண்டாம் நூலை அவர்கள் தேடமாட்டார்கள். ஆதலின் தமிழ்த்துறை நூலகங்களில் படநூல்களுக்கும் எளிய புதினங்களுக்கும் ஓர் அடுக்கு ஒதுக்குதல் வேண்டும். பரணியைக் கற்பிக்கும் வேளையில் ‘மோகினித் தீவை’யும் உடன் வைத்துப் பேசுதல் வேண்டும். பட்ட வகுப்பு மாணவர்கள் அருகிலுள்ள தொடக்கப்பள்ளிகளுக்குச் சென்று, திங்களுக்கொரு படநூலைக் குழந்தைகளுக்குப் படித்துக்காட்டுதல் வேண்டும்.

பேரிலக்கியம் மாடியிலிருக்கும் மணிமண்டபம் என்றால், இந்நூல்கள் அதற்கேறும் படிகள். படிகளை இடித்துவிட்டு, மேலே ஆளில்லையே என்று வருந்துதல் அறிவுடைமை ஆகாது.