பொடியின் பெயர் 'பி'

நண்பன் இரண்டாவது கீமோவுக்குப் போகமாட்டேன் என்று முரண்டு பிடித்தான். "கேன்சர் கொல்றதுக்கு நாளாகும்டா. இந்த வாந்தி ஒரே வாரத்துல முடிச்சுடும்" என்றான். முதல் தடவை சிஸ்பிளாட்டின் ஏற்றி வீட்டுக்கு வந்தபின் நாலு நாள் வாளியும் கையுமாகக் கிடந்தவன். அடிப்படையில் சாப்பாட்டு ராமன். ரசம் தாளிக்கிற வாசனைக்கே எழுந்து ஓடினான்.

டாக்டர் கோபிக்கவில்லை. ஒரு கேப்ஸ்யூலைச் சேர்த்தார். முதல் நாள் 125 மில்லிகிராம், அடுத்த இரண்டு நாள் 80. பெயர் அப்ரெபிடண்ட். என்ன சமாசாரம் இது என்று தோண்டினேன். ஒரு குதிரையில் போய் முடிந்தது.

1931-ல் லண்டனில் ஆய்லர், காடம் என்ற இரு இளம் விஞ்ஞானிகள், குதிரையின் மூளையிலிருந்தும் குடலிலிருந்தும் ஒரு சத்தை எடுத்தார்கள். அது முயலின் குடலைச் சுருக்கியது. ரத்த அழுத்தத்தை இறக்கியது. என்ன பொருள் என்று தெரியவில்லை. பொடியாக இருந்ததால் பவுடரின் முதல் எழுத்தைப் போட்டு 'சப்ஸ்டன்ஸ் பி' என்று எழுதி வைத்தார்கள். (நாய்க்குட்டிக்குப் பேர் வைக்கவே நாம் இதைவிட யோசிப்போம்.) அது 11 அமினோ அமிலங்கள் கோத்த சின்ன மாலை என்று தெரிய 1971 ஆகிவிட்டது.

இந்தக் குடும்பத்துச் சாவிகளுக்கு நம் உடம்பில் மூன்று பூட்டுகள்: என்கே1, என்கே2, என்கே3. நியூரோகைனின் ரிசப்டர்கள். சப்ஸ்டன்ஸ் பி விரும்பி நுழைவது முதல் பூட்டில். வலிச் செய்தியைத் தண்டுவடத்தில் கைமாற்றி விடுவதில் அதற்குப் பங்குண்டு. பூட்டை அடைத்துவிட்டால் வலி போய்விடாதா? ஹெட்மாஸ்டர் ரூம் பூட்டில் தீக்குச்சியை ஒடித்துச் செருகுவோமே, அந்த டெக்னிக்தான்.

விலங்குகளிடம் பலித்தது. மனிதர்களிடம் வலி குறைந்தபாடில்லை. 1998-ல் மனச்சோர்வுக்கு நல்லது என்று பரபரப்பாக ஒரு கட்டுரை வந்தது. பெரிய சோதனைகளில் அதுவும் வெறும் மாவு மாத்திரையைத் தாண்டவில்லை.

ஆனால், மூளைத்தண்டில் வாந்திக்கு உத்தரவு போடும் பகுதியிலும் அதே என்கே1 இருந்தது. கீமோவின் முதல் நாள் வாந்தி பெரும்பாலும் செரட்டோனின் செய்கிற கைங்கரியம். அதற்குப் பழைய மாத்திரை உண்டு. மறுநாள் முதல் படுத்துவதில் சப்ஸ்டன்ஸ் பி-க்குத்தான் பெரிய பங்கு. தீக்குச்சி அங்கே கச்சிதமாகப் பொருந்தியது. 2003-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மூன்றாவது பூட்டின் கதை இன்னும் புதுசு. மாதவிலக்கு நிற்கிற வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைய, ஹைபோதலாமஸில் சில நியூரான்கள் என்கே3 வழியாக அளவுமீறித் தூண்டப்பட்டு, திடீரென்று உடம்பு கொதிக்கிறது. அதை அடைக்கும் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2023-ல் அனுமதி தந்தார்கள், கல்லீரலையும் கவனித்துக்கொள்ளச் சொல்லி. மார்கழியில் ஃபேனை ஐந்தில் வைக்கிற மனைவியைக் கேலி செய்யும் கணவர்கள் கவனிக்க. (நானும்தான்.)

இரண்டாவது கீமோ முடிந்த மூன்றாம் நாள் நண்பனைப் பார்க்கப் போனேன். வாளி பாத்ரூமுக்குத் திரும்பியிருந்தது. ரசம் சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தான்.

அவள் என் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு மாசமா என் சமையலை யாருமே குறை சொல்லலைண்ணா."